ஒரு பெயருக்கு மட்டும் பூட்டு

என் மருமகளுக்கு ஆபீஸில் 'பெர்மிஷன் அக்கா' என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட, "பெர்மிஷன் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கா. இப்பத்தான் அடுப்புக்குப் பெர்மிஷன் குடுத்திருக்கா, அது பத்திக்கிட்டதும் வருவா" என்று நான் பதில் சொல்வேன். சிரித்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

நோயாளிகளின் வீட்டுக்கே நர்ஸுகளை அனுப்பிவைக்கும் கம்பெனி அது. டயர்க் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், ஆபரேஷன் முடிந்து திரும்பியவர்கள், தொண்டையில் குழாய் வைத்து மூச்சு விடுகிறவர்கள் என்று பல வீடுகளுக்கு அங்கிருந்துதான் ஆள் போக வேண்டும். எந்த நர்ஸ் எந்த வீட்டுக்கு, அங்கே என்ன மருந்து, எந்த வேன் யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஒரே இடத்தில் இருக்கும். எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள், அதில்தான் படிப்பார்கள். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் படித்துவிடக் கூடாது அல்லவா? யாருக்கு எதைத் திறந்துவிடுவது, யாருக்கு எதை மூடிவைப்பது என்று பார்த்துக்கொள்வதுதான் என் மருமகளின் வேலை.

எனக்கு எழுத்து தெரியாது. அவள் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பாள், நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அப்படிக் கேட்டுக் கேட்டு அவள் வேலை எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. அது ஒரு பெரிய வீடு, நிறைய அறைகள், ஒவ்வொரு அறைக்கும் கதவு. அவ்வளவுதான் விஷயம். இதை அவளுடைய மேனேஜர்கள் சொல்லும்போதுதான் தலை சுற்றும்.

அவளுக்கு இந்த வேலை தற்செயலாக வந்ததில்லை. அவள் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருப்பாளாம். ஜனங்கள் அவசரத்தில் ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்துத் தாள். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவற்றை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். "படிக்கணும்னு தோணாதா?" என்று ஒருநாள் கேட்டேன். "தோணும் அத்தை. அதனாலதான் கவுத்து வச்சேன்" என்றாள். என் மகனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு என் மூத்த மகளைப் பற்றியும் இளைய மகளைப் பற்றியும் எத்தனையோ விஷயங்கள் அவள் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் இன்னொரு காதுக்குப் போனதில்லை. எனக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கும். மாமியாரிடமாவது கொஞ்சம் சொல்லலாமே என்று நினைப்பேன். வாயே திறக்க மாட்டாள்.

ஆபீஸிலும் அவள் ஆள் பார்த்துத்தான் திறந்துவிடுவாள். புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்தால் அவளோடு உட்கார்ந்து டீ குடிப்பாள். பேச்சுக் கொடுப்பாள். பிறகு அவள் பெயரை எழுதி, இந்த இந்த அறைக்குள் போகலாம் என்று வைப்பாள். கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார், நாக்கு நிற்காது. அவருக்குப் பணம் வரும் பக்கம் மட்டும்தான் திறக்கும், யாருக்கு என்ன வியாதி என்ற பக்கம் திறக்காது. "எனக்கு மட்டும் ஏன் அது வரமாட்டேங்குது?" என்று அவர் கேட்டால், "உங்க கம்ப்யூட்டர் பழசு சார்" என்பாள். அந்த மனிதர் கம்பெனியிடம் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு வருஷக்கணக்கில் சண்டை போட்டார்.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்ததற்குக் காரணம் எங்கேயும் எழுதியிருக்காது. அவள் தலைக்குள்தான் இருந்தது.

அந்தக் காரணங்களில் ஒன்றுதான் சின்ன நர்ஸ்.

சின்ன நர்ஸ் என்று கூப்பிடுவது அவள் உருவத்தைப் பார்த்துத்தான். வயசு முப்பதைத் தாண்டியிருக்கும், ஒரு பெண் குழந்தையும் உண்டு. புருஷன் அடிக்கிறவன். சும்மா அடிக்கிறவன் இல்லை, அடித்துவிட்டு அழுகிறவன். அழுதுகொண்டே மருந்து போட்டுவிடுவானாம். ஒருமுறை குழந்தையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, "நீ போயிடுவேன்னு சொன்னதால்தான் இப்படிப் பண்றேன்" என்று அழுதானாம். அன்றே குழந்தையோடு வெளியேறிவிட்டாள். கோர்ட்டில் அவன் பக்கத்தில் வரக் கூடாது என்று உத்தரவு வாங்கினாள். ஊரின் மறுகோடியில் ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் ஆபீஸுக்கு வருவதே இல்லை. வீட்டிலிருந்து நேரே நோயாளி வீடு, அங்கிருந்து நேரே வீடு. டயர்க் கடை வாசலில் அவன் எத்தனை நாள் நின்றாலும் அவளைப் பார்க்க முடியாது.

அந்த வீட்டு விலாசம் தெரிந்தவர்கள் என் மருமகளும், அவளை ஏற்றி இறக்கும் டிரைவரும், அப்போது மேனேஜராக இருந்த அம்மாவும்தான். அந்த டிரைவர் எப்போதும் சீழ்க்கை அடித்துக்கொண்டே ஓட்டுவார். விசில் டிரைவர் என்பார்கள்.

இதில் வம்பு என்னவென்றால், எல்லா வேன்களுக்கும் பொறுப்பாக இருந்தவர் அந்தப் புருஷனின் கூடப்பிறந்த அண்ணன். சின்ன நர்ஸுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆபீஸே அவரை 'வேன் அண்ணன்' என்று கூப்பிடும். தங்கமான மனுஷர். எனக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது எங்கள் குடியிருப்பில் லிப்ட் ஓடவில்லை. அவரே வந்து என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கி வேனில் ஏற்றினார். "அம்மா, நீங்க கனமே இல்ல, உங்க நாற்காலிதான் கனம்" என்றார். அவரைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். இப்போதும் சொல்ல மாட்டேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

அவருக்கு வண்டி, பெட்ரோல், டிரைவர்கள் பற்றிய பக்கங்கள் மட்டும் திறக்கும். யாரை எந்த வீட்டில் ஏற்ற வேண்டும் என்பதை என் மருமகளே அந்தந்த டிரைவருக்கு நேராக அனுப்பிவிடுவாள். அவரும் அதைக் கேட்டதில்லை. தம்பி மனைவி எங்கே இருக்கிறாள் என்றும் கேட்டதில்லை.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் என் மருமகளுக்குக் காய்ச்சல் வந்தது.

கடுமையான காய்ச்சல். போனைக்கூடக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ், ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பக்கம் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் பெயருக்கு இன்னும் யாரும் திறந்துவிடவில்லை, திறந்துவிட வேண்டியவள் இங்கே போர்வைக்குள் கிடக்கிறாள். அந்தப் பெண் போன் செய்திருக்கிறாள். நான்தான் எடுத்தேன். "அவளால பேச முடியாதும்மா, அப்புறம் பண்ணு" என்று வைத்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும்? அவள் ஊசியைப் போட்டுவிட்டாள். பெரியவரின் முகமும் தொண்டையும் வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் என் மருமகள் இதைக் கேட்டாள்.

"அத்தை, நான் செத்துப்போனா அந்த ஆபீஸ்ல ஒரு கதவும் திறக்காது" என்றாள்.

"நல்ல வார்த்தை பேசு" என்றேன்.

"இல்லத்தை. இது நல்லதுக்கில்ல."

அவளேதான் போய்க் கேட்டாள், இந்த முறையை மாற்ற வேண்டும் என்று. பிறகு எல்லோரும் புது மேனேஜர் தலையில் பழியைப் போட்டார்கள். அது சரியில்லை. பழைய மேனேஜரம்மா அந்தச் சமயத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் இவர். இளவயசு, ஒல்லி, பேசும்போது பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து பேசுவார். இவள் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இத்தனை நாள் ஆளைப் பார்த்துச் சாவி குடுத்தீங்க. இனிமே நாற்காலியைப் பார்த்துக் குடுங்கக்கா" என்றாராம். "நர்ஸ்னு ஒரு நாற்காலி. அதுல யார் வந்து உக்காந்தாலும் நர்ஸுக்கு வேண்டிய கதவெல்லாம் திறக்கும். எழுந்து போயிட்டா மூடிக்கும். நீங்க ஊர்ல இல்லைன்னாலும் திறக்கும்."

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வேலையை விட்டுப் போன ஒருவர், போன பிறகும் எல்லா நோயாளிகளின் விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சமயத்தில்தான் வெளியே வந்தது. என் மருமகள் அவர் பெயரை எடுக்க மறந்துபோயிருந்தாள். எத்தனை பெயரைத்தான் ஒருத்தி நினைவில் வைப்பாள்?

எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நாற்காலிகளைப் பிரித்தாள். நர்ஸ் ஒன்று, கணக்கு ஒன்று, டாக்டர் ஒன்று, முன்மேசை ஒன்று. முன்மேசை என்றால் போன் எடுப்பவர்கள். யாருக்காவது ஒரு கதவு திறக்கவில்லை என்றால், "திறந்துவிடுங்கள்" என்று அவர்கள் திரையிலேயே ஒரு பொத்தானை அழுத்தலாம். அந்த விண்ணப்பம் தன்னிடம் வந்து நிற்கக் கூடாது, முன்மேசையில் அப்போது யார் இருக்கிறார்களோ அவர்களுக்குப் போக வேண்டும், அவர்களே உடனே திறந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தாள். அந்தப் பெரியவரின் வீங்கிய முகம் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

வேன் பொறுப்பு நாற்காலிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றேன்.

"வேன் பொறுப்புல இருக்கறவங்கதான் இனிமே எந்த வண்டி எந்த வழியா போகணும்னு முடிவு பண்ணணும்னு மேனேஜர் சொல்றார். அப்படின்னா எல்லா நர்ஸ் வீட்டு விலாசமும் அந்த நாற்காலிக்குத் திறக்கணும்."

"திறந்தா என்ன?"

"அந்த நாற்காலிக்கு ஒரு தம்பி இருக்கான் அத்தை."

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், ஒரே ஒரு நர்ஸின் விலாசத்தை மட்டும் வேன் பொறுப்புக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். ஏன் என்றார். சொந்த விஷயம் என்றாள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"விலக்கு வேணும்னா காரணம் எழுதணும்க்கா. எல்லாப் பிரிவுப் பொறுப்பாளர்களும் அதைப் படிச்சுச் சரின்னு சொல்லணும். நீங்களும் நானும் சேர்ந்து போட்ட விதிதானே."

பிரிவுப் பொறுப்பாளர்களில் வேன் அண்ணனும் ஒருவர். எதை அவரிடமிருந்து மறைக்க வேண்டுமோ, அதை எழுதி அவர் கையிலேயே கொடுத்துச் சம்மதம் கேட்க வேண்டும்.

அன்று மாலை சின்ன நர்ஸுக்குப் போன் செய்து பேசினாள். மேனேஜருக்கு மட்டும் சொல்ல அனுமதி கேட்டாள். சின்ன நர்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்க்கா, அது நடந்து நடந்து அவன்கிட்ட போயிடும்" என்றாள். போனை மேசைமேல் வைத்துப் பேசிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. கடைசியில் வேறு வழியில்லாமல் சரி என்றாள்.

மேனேஜர் நல்ல பிள்ளைதான். கேட்டுவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாராம். "விலக்கு வேண்டாம்க்கா. தனியா ஒரு நாற்காலியே போட்டுடலாம். பாதுகாப்பு வேண்டியவங்கன்னு. அதுல இருக்கறவங்க விலாசம் நீங்க, நான், அந்த டிரைவர், இந்த மூணு பேருக்குத்தான் திறக்கும். யார்கிட்டயும் சம்மதம் கேக்க வேண்டியதில்ல" என்றார். அப்படியே செய்தார்கள். என் மருமகள் அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

புது முறை ஒரு திங்கட்கிழமை காலையில் தொடங்கியது. எல்லோருடைய திரையும் மாறியது. நாக்கு நிற்காதவருக்குக் கதவு ஒன்றும் கூடுதலாகத் திறக்கவில்லை, அவர் இன்னொரு முறை கம்ப்யூட்டரைத் திட்டினார். வேன் அண்ணன் முகத்தில் மட்டும் ஒரே வெளிச்சம். நர்ஸுகளின் பெயர் வரிசையாக இருக்கிறது, பக்கத்தில் அவரவர் தெரு, வீடு, எங்கே திரும்ப வேண்டும் என்பது வரைக்கும். "இனிமே வண்டிங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒரே தெருவுல போய் நிக்காது" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே வரிசையைக் கீழே இறக்கிக்கொண்டு போனவர் நின்றார்.

"ஏம்மா, எல்லாருக்கும் விலாசம் இருக்கு. இந்த ஒரு பேருக்கு மட்டும் பூட்டுப் படம் போட்டிருக்கே?"

கேட்டுக்கொண்டே அந்தப் பெயரைப் படித்தார். படித்ததும் டீ டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டார்.

முன்பு அவருக்கு அந்தப் பக்கமே கிடையாது. இல்லாத பக்கத்தில் எது மறைந்திருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? இப்போது எல்லாக் கதவும் திறந்திருக்க, ஒரு கதவு மட்டும் மூடியிருக்கிறது, அது அவர் வீட்டுப் பெண்ணுடைய கதவு. இப்படி ஆகும் என்று என் மருமகளும் நினைக்கவில்லை, மேனேஜரும் நினைக்கவில்லை.

"புதுசு இல்லையா அண்ணே, ஏதோ கோளாறு. பார்த்துச் சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள். விலாசத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு நாற்சந்தியின் பெயரைப் போட்டுவிட்டால் பூட்டும் வேண்டாம், ஆபத்தும் வேண்டாம் என்பது அவள் யோசனை. மேனேஜர் அப்போது போனில் இருந்தார். கை காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள்.

அவள் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் வேன் அண்ணன் பொத்தானை அழுத்தினார். பாதுகாப்பு நாற்காலிக்குத் தனி வழி வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அந்த விண்ணப்பமும் முன்மேசைக்கே போனது. முன்மேசையில் இருந்த பெண் திறந்துவிட்டாள்.

அவளைத் திட்டி என்ன பயன்? "வேன் அண்ணன்தானே அக்கா கேட்டாரு. வேன் அனுப்ப விலாசம் வேணும்ல? உடனே திறக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க" என்றாள். சொல்லிக்கொடுத்தது என் மருமகள்தான்.

விஷயம் தெரிந்ததும் அவள் மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்து மூடினாள். யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று திரையில் தெரியுமாம். வேன் அண்ணன் பார்த்திருக்கிறார். நிமிர்ந்தால் அவர் குனிந்தபடி மேசைமேல் இருந்த டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மேசைக்கு வந்தார்.

"அவன் பண்ணினதுக்கு நான் என்னம்மா பண்ணேன்?" என்று மெதுவாகக் கேட்டார். "எத்தனை வருஷமா ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம். என்னை இப்படியா நெனச்சீங்க?"

"உங்களை நெனச்சு இல்ல அண்ணே."

"வேற யாரை நெனச்சு?"

அவள் அந்தக் கதவு மூடியிருக்கிறதா என்று திரையில் மறுபடி பார்த்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். போகத் திரும்பியவர் நின்று, "அந்தக் குழந்தை எங்க வீட்டுக் குழந்தை. என் மடியில வளர்ந்தவ. எனக்கு அவளைப் பார்க்கணும்னு இருக்காதா?" என்றார்.

அதைக் கேட்டதும்தான் சின்ன நர்ஸுக்குப் போன் செய்ததாக என் மருமகள் சொன்னாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள்.

சின்ன நர்ஸ் அப்போது தொண்டையில் குழாய் வைத்த நோயாளியின் பக்கத்தில் இருந்தாள். மாற்று ஆள் வராமல் நகர முடியாது. "குழந்தையை மட்டும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போயிடுங்கக்கா" என்றாள். ஸ்கூலும் அதே தெருப் பக்கம்தான். என் மருமகள் பாதி நாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்க் குழந்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

குழந்தை ஷூவைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தது. ரொட்டியும் பாலும் கொடுத்தேன். ஓரத்தைப் பிய்த்துத் தனியாக வைத்துவிட்டு நடுவை மட்டும் தின்றது. பிறகு, மழை வருமா என்று கேட்பதுபோல், "பாட்டி, திரும்ப வீடு மாத்தணுமா?" என்று கேட்டது.

"யார் சொன்னா? சாப்பிடு" என்றேன்.

"அம்மா வராம வேற யாராவது ஸ்கூலுக்கு வந்தா வீடு மாத்துவோம்" என்றது.

இருட்டுவதற்குள் விசில் டிரைவர் சின்ன நர்ஸைக் கொண்டுவந்து விட்டார். அவர் அன்று சீழ்க்கை அடிக்கவில்லை. அவள் சீருடையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள். என் மருமகள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தான் வைத்த ஏற்பாட்டினால்தான் கதவு திறந்தது என்பதையும் சொன்னாள்.

"சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கார்மா. அவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"அவர் நல்லவர்தான்மா. எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா தம்பி அழுதா அவரால தாங்க முடியாது. அவன் நல்லா அழுவான்."

வேறு பேச்சே இல்லை. டிரைவரோடு போய் வீட்டிலிருந்து பைகளை எடுத்து வந்தாள். அன்று எங்கள் வீட்டில் படுத்தாள். விடிந்ததும் வேலையை விடுவதாக என் மருமகளிடம் சொன்னாள்.

"எங்க போறேன்னு நீங்க கேக்கக் கூடாதுக்கா. உங்களை நம்பாம இல்ல."

"கேக்கல" என்றாள் என் மருமகள். "நீ சொன்னாலும் நான் காதைப் பொத்திப்பேன்."

குழந்தையின் ஷூவுக்கு நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். படியிறங்கிப் போனார்கள். எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார்க்க வேண்டாம் என்று என் மருமகள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் சின்ன நர்ஸ் குடியிருந்த வீட்டுக்காரம்மா என் மருமகளுக்குப் போன் செய்தார். மரியாதையான ஒரு ஆள் ஆப்பிள் பையோடு வந்து, மனைவியையும் மகளையும் பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அழுதானாம். பாவமாக இருந்தது என்றார் வீட்டுக்காரம்மா. "காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னேன். அப்படியே எழுந்து போய் அந்த ஆப்பிளையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து எங்க சுவத்துல அடிச்சான்மா."

வேன் அண்ணன் அன்று முதல் யாரோடும் டீ குடிக்கவில்லை. ஒருநாள் மாடிப்படியில் என் மருமகளை வழிமறித்து, "குழந்தையை ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துர்றேன்னான். என் காலைப் பிடிச்சுக்கிட்டான்மா" என்றார். அவள் விலகி இறங்கினாள். "இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்று மேலே நின்றபடியே சொன்னார். "பூட்டுப் போட்டது யாருன்னு கேட்டான். வாய் தவறிச் சொல்லிட்டேன்."

இப்போது அவன் எங்கள் தெருவில் நிற்கிறான்.

எதிர்வரிசையில் ஒரு மூடின பேக்கரி இருக்கிறது. அதன் ஷட்டரில் சாய்ந்து நிற்பான். சுத்தமான சட்டை, வாரிய தலை. போலீஸில் சொன்னோம். வந்து பேசினார்கள். கோர்ட் உத்தரவு மனைவிக்குத்தானே, தெருவில் நிற்பவனை எப்படி விரட்டுவது என்று எங்களையே கேட்டார்கள். இரண்டு நாள் தெருமுனையில் நின்றுவிட்டு மறுபடி ஷட்டருக்கே வந்துவிட்டான். என் மகனுக்கு வேலை கப்பலில். போனில் கத்துகிறான், வேலையை விடச் சொல்கிறான், வீட்டை மாற்றச் சொல்கிறான். என் மருமகள் மாட்டேன் என்கிறாள். வேலையை விட்டால் அங்கே இருக்கும் மற்ற பெயர்களை யார் பார்ப்பது என்கிறாள். இன்னும் சிலரை அந்தப் பாதுகாப்பு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறதாம். இந்தத் தடவை வெளியிலிருந்து பார்த்தால் பூட்டே தெரியாதபடி செய்யப்போகிறாளாம். பொத்தானை அழுத்தினால் முன்மேசைக்குப் போகாதாம். மேனேஜரும் அவளும் தினம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இன்று காலையிலும் சாப்பாட்டுப் பையோடு படியிறங்கினாள். நான் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் தெருவைக் கடந்து வந்தான்.

"அக்கா, விலாசம் மட்டும் குடுங்க" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. மாடிக்குக் கேட்டது என்றால் தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"பூட்டினவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"சரிக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நாளைக்கு வர்றேன்" என்றான்.

அவள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தான். அவள் நின்றபோது நின்றான். பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் ஏறவில்லை.

திரும்பி வந்து அதே ஷட்டரில் சாய்ந்துகொண்டு எங்கள் வீட்டு ஜன்னலை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். நான் எழுந்து உள்ளே போகவில்லை.